வலிப்பு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் ஒரே டப்பாவில்

மருந்துக்கடையில் நிற்கிறவனிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: "ஏனுங்க தம்பி, வலிப்பு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் ஒண்ணாப் போடலாங்களா? நடுவுல எத்தன மணி நேரம் உடோணுங்க?"

நல்ல கேள்விதான். ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. போதுமான நேரம் விட்டுப் போட்டால் எந்த இரண்டு மாத்திரையும் ஒத்துப்போய்விடும் என்கிற நம்பிக்கை. சில மாத்திரைகளுக்கு அது சரி. இந்த ஜோடிக்குச் சரியில்லை. எப்டாயின் என்கிற வலிப்பு மாத்திரையைக் காலையிலும் தைரோநார்ம் என்கிற தைராய்டு மாத்திரையை ராத்திரியிலும் போட்டாலும், இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டியது நடந்துகொண்டுதான் இருக்கும். அது வயிற்றில் நடக்கிற சமாச்சாரம் இல்லை, ஈரலில் நடப்பது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மருந்துகளின் இன்டராக்‌ஷன் (ஒரு மருந்து இன்னொரு மருந்தின் வேலையை மாற்றுவது) என்று சொல்வதில் பாதி புரிந்த மாதிரி.

நம்ம பக்கம் இது ஏன் கவனத்துக்கு வராமல் போகிறது என்பதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. வலிப்புக்குக் கோயமுத்தூர் நரம்பு டாக்டரிடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போவார்கள். தைராய்டுக்குக் கோபியிலோ தாராபுரத்திலோ பக்கத்து டாக்டர். ரத்தசோகைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரை. மூட்டு வலிக்கு இன்னொருவர் எழுதிய கால்சியம். ஒரு டாக்டரின் சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டும் பழக்கம் நம்மிடம் குறைவு. காட்டினால் கோபித்துக்கொள்வார் என்று ஒரு தயக்கம் வேறு. ஆக எல்லாச் சீட்டும் ஒன்றாகச் சேருகிற ஒரே இடம் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாதான்.

முதலில் தைராய்டு மாத்திரை

தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று பெயர் பல. உள்ளே இருப்பது ஒன்றே: லெவோதைராக்சின். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் போதாமல் போகும்போது, அதே ஹார்மோனை மாத்திரையாக வெளியிலிருந்து கொடுக்கிறோம். அளவு மிகச் சிறியது: 25, 50, 100 மைக்ரோகிராம் என்று போகும். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். தைராய்டு 100 என்பதும் எப்டாயின் 100 என்பதும் ஒரே நூறு இல்லை. வீட்டில் பட்டியல் எழுதும்போது எண்ணை மட்டும் எழுதாமல் மைக்ரோவா மில்லியா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்வது இதனால்தான்.

இந்த ஹார்மோன் உடம்பில் ரொம்ப நாள் தங்கும். இன்றைக்கு ரத்தத்தில் இருக்கிற அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் ஒருநாள் மறந்தால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. அதே காரணத்தால், அளவை மாற்றினால் அதன் முழுப்பலன் தெரியவும் ஐந்தாறு வாரம் பிடிக்கும். டாக்டர்கள் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் எடுக்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து 'இன்னும் சுரந்து தள்ளு' என்று அனுப்பும் உத்தரவு. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் உத்தரவு கூடும், ஹார்மோன் மிஞ்சினால் உத்தரவு குறையும். ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் ஏறியிருந்தால் ஹார்மோன் பத்தவில்லை என்று படிக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "டிஎஸ்எச் ஜாஸ்தியாயிருச்சு, மாத்திரையைக் குறைச்சுக்கிட்டேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஈரலில் நடப்பது என்ன

வலிப்பு மருந்துகளில் பழைய தலைமுறை ஒன்று இருக்கிறது. பெனோபார்பிட்டோன் 1912லிருந்தும், பெனிடாயின் 1938லிருந்தும் வலிப்புக்குப் பயன்படுகின்றன. கார்டினால் என்பது முன்னது, எப்டாயின் என்பது பின்னது. டெக்ரிடால், மாசெட்டால், டெக்ரெட்டால் என்று வருவது கார்பமாசெபின். விலை குறைவு, பல பேருக்கு நன்றாக வேலை செய்கிறது, அதனால் இன்றைக்கும் நிறையப் பேர் இதில்தான் இருக்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. ஈரலில், உடம்புக்குத் தேவை முடிந்த பொருள்களை உடைத்தும் மாற்றியும் வெளியேற்றுகிற என்சைம்கள் இருக்கின்றன. இந்த மருந்துகள் அந்த என்சைம்களை வழக்கத்தைவிட அதிகமாக உண்டாக்கச் சொல்லி ஈரலைத் தூண்டிவிடும். தூண்டுதல் ஒரே நாளில் வராது. இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏறும். ஏறியபின் அந்த என்சைம்கள் வலிப்பு மருந்தை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை, கூடவே வருகிற வேறு பல மருந்துகளையும் ஹார்மோன்களையும் வேகமாகக் கழித்துவிடும். அதில் தைராக்சினும் ஒன்று.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மோட்டார் தண்ணீர் விழுகிறது, கீழே மடை வழியாகப் போகிறது. பெனிடாயின் மடையைக் கொஞ்சம் அகலத் திறந்துவிடுகிறது. மோட்டார் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பது இங்கே பிரச்சினையே இல்லை. காலையில் ஓடினாலும் ராத்திரி ஓடினாலும் மடை அகலம் அதேதான். இடைவெளி விட்டுப் போடுவதால் பயன் இல்லை என்று முதலில் சொன்னது இதைத்தான்.

சரி, அப்படியென்றால் எப்டாயின் போடுகிற எல்லோருக்கும் தைராய்டு குறைய வேண்டுமே? குறைவதில்லை. தைராய்டு சுரப்பி நன்றாக இருக்கிறவருக்கு, வெளியே போவது கூடினால் சுரப்பியே கொஞ்சம் கூட்டிச் சுரந்து சரிக்கட்டிவிடும். ரத்தத்தில் டி4, அதாவது தைராக்சின், அளவு கொஞ்சம் குறைவாகக் காட்டினாலும் டிஎஸ்எச் வழக்கம்போலவே இருக்கும், ஆளும் நன்றாக இருப்பார். சிக்கல் யாருக்கென்றால், சுரப்பி ஏற்கெனவே ஓய்ந்துபோய் அல்லது ஆபரேஷனில் எடுத்துவிட்டு, மாத்திரையை மட்டும் நம்பி இருக்கிறவருக்கு. அவர் உடம்பில் கூட்டிச் சுரக்க ஆள் இல்லை. மாத்திரை 75 என்றால் 75 மட்டுமே உள்ளே வரும். வெளியேறுவது கூடியதும் அளவு இறங்கும், டிஎஸ்எச் ஏறும். டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுத வேண்டியிருக்கும். இதில் பயப்பட எதுவும் இல்லை. கூட்ட வேண்டிய நேரம் வந்தது யாருக்கும் தெரியாமல் போவதுதான் பிரச்சினை.

அது தெரியாமல் போவதற்கு ஒரு வினோதமான காரணமும் இருக்கிறது. தைராய்டு குறைந்தால் என்ன ஆகும்? அசதி, தூக்கம் தூக்கமாக வருவது, மறதி, மலச்சிக்கல், உடம்பு ஊதுவது, முடி கொட்டுவது. வலிப்பு மாத்திரைகளின் பக்கவிளைவு என்ன? அசதி, தூக்கம், மறதி. சில மாத்திரைகளில் எடை கூடுவதும் முடி கொட்டுவதும் உண்டு. இரண்டு பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றே. "பிட்ஸ் மாத்திரை போட்டதிலிருந்து ஒரே அசதிங்க" என்று சொன்னால் வீட்டிலும் சரி, சில சமயம் டாக்டரிடமும் சரி, பழி வலிப்பு மாத்திரை மேல் போய்விடும். வலிப்பு மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் அசதி கூடுகிறது, ஏற்கெனவே தைராய்டு மாத்திரையில் இருக்கிறார் என்றால், வேறு முடிவுக்குப் போகுமுன் ஒரு டிஎஸ்எச் எடுத்துப் பார்க்கலாம். விலை அதிகமில்லாத டெஸ்ட்.

டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. பெனிடாயின், கார்பமாசெபின் போடுகிறவர்களுக்கு எஃப்டி4 (புரதத்தோடு ஒட்டாமல் தனியாகச் சுற்றும் தைராக்சின்) குறைவாகவும் டிஎஸ்எச் சரியாகவும் வருவது வழக்கம். தைராக்சினில் 99 சதவீதத்துக்கும் மேல் ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றும். இந்த மருந்துகள் அந்த ஒட்டலில் கைவைப்பதால் லேபில் அளக்கிற முறையே கொஞ்சம் தடுமாறும். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் குறைவு என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துப் பதறி, நல்ல சுரப்பி உள்ளவருக்குப் புதிதாகத் தைராய்டு மாத்திரை ஆரம்பிக்கத் தேவையில்லை. லேபில் கொடுக்கும்போதே என்ன மாத்திரை போடுகிறோம் என்று சொல்லி எழுத வைத்துவிட்டால், படிக்கிற டாக்டருக்கு வேலை சுலபம்.

எல்லா வலிப்பு மாத்திரையும் ஒன்றல்ல

பெனிடாயின், கார்பமாசெபின், பெனோபார்பிட்டோன், இவற்றோடு பிரிமிடோன்: இவை ஈரலை நன்றாகவே தூண்டும். ஆக்ஸ்கார்பசெபின் அதைவிடக் குறைவாகத் தூண்டும், ஆனாலும் டி4 குறையலாம். வால்ப்ரோயேட், அதாவது வால்பாரின், என்கோரேட் வகை, இந்த வழியில் தூண்டுவதில்லை. ஆனால் சிலருக்கு டிஎஸ்எச் சற்று ஏறிக் காட்டுவது உண்டு, பெரும்பாலும் லேசாக. லெவிடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்றவற்றால் தைராக்சினுக்குக் குறிப்பிடும்படியான பாதிப்பு இல்லை. லெவிபில் (லெவிடிராசெட்டம்தான்) என்று உங்கள் சீட்டில் இருந்தால் இந்த ஈரல் கதை உங்களுக்கு இல்லை, அடுத்து வரும் வயிற்றுக் கதை உண்டு.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். தைராய்டு மாத்திரை வலிப்பு மாத்திரையைக் கெடுக்குமா? ரத்த அளவு என்று பார்த்தால் பாதிப்பு பெரும்பாலும் ஒருவழிதான், வலிப்பு மருந்திலிருந்து தைராய்டுப் பக்கம். ஆனால் தைராய்டு அளவு தேவைக்கு மேல் ஏறினால் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை வரும். வலிப்பு வரும் தன்மையும் தூண்டப்படும். வலிப்பு உள்ளவருக்குத் தைராய்டு மாத்திரையைச் சிறிய அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவதில் டாக்டர்கள் கவனமாக இருப்பது அதனால்தான். "சீக்கிரம் சரியாகட்டும்" என்று நாமே இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்வது விபரீதம்.

இடைவெளி எங்கே வேலை செய்யும்

இப்போது வயிற்றுக்கு வருவோம். தைராக்சின் மாத்திரை ரொம்பக் கூச்ச சுபாவம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட்டால்தான் ஒழுங்காக உள்ளே போகும். காபி கூட உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். விடியக்காலையில் பால் கறக்க எழுந்ததும் முதலில் காபித்தண்ணி குடிக்கிற நம் ஊர் வீடுகளில் சிக்கல் இங்கேயே ஆரம்பிக்கிறது. மாத்திரை முதலில், கறவை அடுத்தது, காபி அதற்கு அப்புறம் என்று வரிசையை மாற்றிக்கொண்டால் நேரம் தானாகக் கிடைத்துவிடும். டம்ளரில் காபியை வைத்துக்கொண்டு அதிலேயே மாத்திரையை விழுங்குகிறவர்களுக்கு டிஎஸ்எச் ஏன் இறங்கவில்லை என்று ஆராய வேண்டியதே இல்லை.

காபியைவிடப் பெரிய ஆள் கால்சியம். இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். இரண்டும் குடலிலேயே தைராக்சினோடு ஒட்டிக்கொண்டு அதை உள்ளே போகவிடாமல் செய்துவிடும். நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். அல்சருக்குக் குடிக்கிற ரோஸ் கலர், வெள்ளைக் கலர் ஜெல்களுக்கும் இதே கணக்கு. பாண்டோபிரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டாலும் தைராக்சின் உறிஞ்சப்படுவது குறையலாம். அதற்கு மணிக்கணக்கில் இடைவெளி விட்டும் முழுப்பயன் இல்லை.

இதில் வலிப்பு மாத்திரை எங்கே வருகிறது என்று கேட்கலாம். இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. பெனிடாயினும் கார்பமாசெபினும் தூண்டிவிட்ட அதே ஈரல் என்சைம்கள் வைட்டமின் டி-யையும் வேகமாகக் கழிக்கும். வருடக்கணக்கில் போட்டால் எலும்பு மெலியலாம். அதனால் நரம்பு டாக்டரே கால்சியம், வைட்டமின் டி மாத்திரையைச் சேர்த்து எழுதுவார். சரியான சிகிச்சைதான். அந்தக் கால்சியத்தை வீட்டில் "எல்லாத்தையும் காத்தால ஒரேயடியாப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது" என்று தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்குவார்கள். இப்போது தைராக்சினுக்கு இரண்டு பக்கமும் அடி. ஈரலில் வேகமாகக் கழிகிறது, குடலில் குறைவாகத்தான் ஏறுகிறது. மருந்துக்கு மருந்து என்று பார்த்தால் எப்டாயினும் தைரோநார்மும் மட்டுமே மோதுவதாகத் தெரியும். நடுவில் கால்சியம் என்று ஒரு மூன்றாவது ஆள் நிற்பது முழுப் பட்டியலையும் ஒன்றாகப் பார்த்தால்தான் தெரியும். கால்சியத்தை மத்தியானமோ ராத்திரியோ சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

திருப்பூர் கம்பெனிகளிலும் சோமனூர், பல்லடம் பக்கம் தறிகளிலும் ராத்திரி ஷிப்ட் போகிறவர்களுக்குக் காலை வெறும் வயிறு என்பதே குழப்பம். அவர்களுக்குத் தைராக்சினைப் படுக்கப் போகும்போது, கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடும் வழியும் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளலாம். வலிப்பு உள்ளவருக்கு ராத்திரி ஷிப்டே ஆகாது என்பது தனிப் பிரச்சினை. தூக்கம் கெடுவது வலிப்பை வரவழைக்கிற முக்கியமான காரணங்களில் ஒன்று. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இதைச் சொல்வேன்: நடங்கள், ஆனால் ராத்திரி தூங்குங்கள், மாத்திரை பையிலேயே இருக்கட்டும். விரதம் என்று மாத்திரையை நிறுத்தச் சொல்லி எந்த முருகனும் கேட்பதில்லை.

எப்போது பார்க்க வேண்டும்

பத்து வருடமாக இரண்டு மாத்திரையும் ஒரே அளவில் போகிறது, டிஎஸ்எச் சரியாக இருக்கிறது, வலிப்பும் இல்லை என்றால், இரண்டும் ஒத்துப்போய்விட்டன. அந்த இன்டராக்‌ஷன் இருந்துகொண்டேதான் இருக்கிறது. டாக்டர் எழுதிய அளவிலேயே அது கணக்கில் சேர்ந்துவிட்டது. இன்று இணையத்தில் தேடிப் பார்த்து மஞ்சள் எச்சரிக்கையைக் கண்டு பயந்து எதையும் நிறுத்தக் கூடாது. ஏதாவது ஒன்று புதிதாக ஆரம்பிக்கும்போதும், நிறுத்தும்போதும், அளவு மாறும்போதும்தான் உஷாராக இருக்க வேண்டும்.

ஆரம்பிக்கும்போது என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். நிறுத்தும்போது நடப்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்டாயினோடு தைராக்சின் 125 மைக்ரோகிராம் போய்க்கொண்டிருக்கிறது. ஈறு வீங்குகிறது என்று நரம்பு டாக்டர் எப்டாயினைப் படிப்படியாகக் குறைத்து லெவிடிராசெட்டத்துக்கு மாற்றுகிறார். நல்ல முடிவு. ஆனால் எப்டாயின் போனதும் சில வாரங்களில் ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். இதுவரை போதுமானதாக இருந்த 125 இப்போது அதிகம். இரண்டு மாதத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தூக்கம் வராது, எடை இறங்கும். "புது மாத்திரை ஒத்துக்கலீங்க" என்று லெவிடிராசெட்டத்தைக் குறை சொல்வார்கள். உண்மையில் குறைக்க வேண்டியது தைராக்சினை. தைராய்டு டாக்டருக்கு வலிப்பு மாத்திரை மாறியதே தெரியாது, நரம்பு டாக்டர் கையில் டிஎஸ்எச் ரிப்போர்ட் இல்லை.

மாத்திரை மாறிய தேதியிலிருந்து ஆறு எட்டு வாரம் எண்ணி, சுவரில் தொங்கும் காலண்டரில் 'டிஎஸ்எச்' என்று எழுதி வைத்துவிடுங்கள். பொங்கலை ஒட்டி மாறியது என்றால் மாசிக் கடைசியில் டெஸ்ட். நான் இதைச் சீட்டின் பின்னாலேயே பேனாவில் எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம்.

கடை மாறினால் கம்பெனி மாறுவதும் ஒரு மாற்றம்தான். மக்கள் மருந்தகத்தில் வாங்குவதில் தவறே இல்லை, காசு மிச்சம். ஆனால் பெனிடாயின், கார்பமாசெபின் போன்றவற்றிலும் தைராக்சினிலும் அளவு கொஞ்சம் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும் என்பதால், ஒரு தயாரிப்பைப் பிடித்தால் அதிலேயே இருப்பது நல்லது. மாற்றுவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

உட்கார்ந்து சரிபார்ப்பது எப்படி

டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். டாக்டர் எழுதியது மட்டும் இல்லை; சத்து மாத்திரை, முடி கொட்டுவதற்கு வாங்கிய பயோட்டின், கருத்தடை மாத்திரை, அல்சர் ஜெல், லேகியம், சூரணம் எல்லாம் கணக்கில் வரும். ஒவ்வொன்றின் அட்டையிலும் வணிகப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கும். அதைத்தான் எழுத வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் மேலுறையில் பார்கோடு அல்லது கியூஆர் கோடு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுத்துப் பொடியாக இருந்தால் போனில் ஸ்கேன் செய்து பெயரைப் பெரிதாகப் படிக்கலாம். வீட்டில் ஒரு பிளஸ் டூ படிக்கும் கண்ணு இருந்தால் பத்து நிமிட வேலை.

இந்தப் பொதுப்பெயர்களை ஒரு இன்டராக்‌ஷன் பார்க்கும் செயலியிலோ தளத்திலோ போட்டால் சிவப்பு, மஞ்சள், பச்சை மாதிரி வகை பிரித்துக் காட்டும். லெவோதைராக்சினும் பெனிடாயினும் பெரும்பாலும் நடுத்தரம் என்று வரும். நடுத்தரம் என்றால் 'சேர்க்கக் கூடாது' என்று அர்த்தம் இல்லை, 'சேர்க்கலாம், ஆனால் கண்காணி' என்று அர்த்தம். நிறத்தோடு நிற்காமல் கீழே உள்ள விளக்கத்தைப் படியுங்கள். எந்த மருந்தின் அளவு மாறுகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா, வயிற்றிலா ஈரலிலா, எத்தனை நாளில் தெரியும், என்ன டெஸ்ட் என்று அதில் இருக்கும். 'நேர இடைவெளி விடவும்' என்று எழுதியிருந்தால் அது வயிற்றுச் சமாச்சாரம். 'ரத்த அளவைக் கவனிக்கவும்' என்று இருந்தால் ஈரல் சமாச்சாரம். இது ஒரு நல்ல அடையாளம்.

செயலிக்குத் தெரியாதது நிறைய. உங்கள் சுரப்பி இருக்கிறதா எடுத்தாயிற்றா, மாத்திரையை எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள், காலையில் எதோடு விழுங்குகிறீர்கள் எதுவும் அதற்குத் தெரியாது. சங்கபுஷ்பி தெரியாத செயலிகளும் உண்டு. ஞாபகசக்திக்கு என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் அந்த மூலிகை சிரப் பெனிடாயினின் அளவைக் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்ப வரவழைத்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பயோட்டின் வேறு மாதிரி வம்பு. அது மருந்தோடு மோதுவதில்லை, தைராய்டு டெஸ்டையே பொய் சொல்ல வைக்கும். அதிக அளவில் பயோட்டின் எடுப்பவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்தச் சொல்வார்கள்.

கடையில் "வயித்தால போகுது, ஒரு மாத்திரை கொடுங்க" என்று கேட்கும்போதும் வலிப்பு இருப்பதைச் சொல்லுங்கள். சிப்ரோபிளாக்சசின் போன்றவையும், வலிக்குத் தரும் டிரமடாலும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் கார்பமாசெபினின் அளவை ஏற்றிவிடும். ஆள் தள்ளாடுவார், கண் இரண்டிரண்டாகத் தெரியும். காசநோய் மாத்திரை ஐசோனியசிட் பெனிடாயினை ஏற்றும். இவை தைராய்டுக் கதை இல்லை என்றாலும் ஒரே பட்டியலில் பிடிபடுபவை.

கல்யாணமான பெண்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம். ஈரலைத் தூண்டும் வலிப்பு மாத்திரைகள் கருத்தடை மாத்திரையையும் வலுவிழக்கச் செய்யும், நம்பி இருக்க முடியாது. கர்ப்பம் என்று தெரிந்ததும் தைராக்சின் தேவை கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுவது வழக்கம். அதே கர்ப்பத்தில் லாமோட்ரிஜின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும். வால்ப்ரோயேட் குழந்தைக்குக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடியது என்பதால் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் பேச வேண்டும். நாள் தள்ளிப்போன பிறகு பயந்துபோய் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நிறுத்தினால் தொடர் வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகலாம். மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று வலிப்பையே மறைத்துக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. மறைத்து மறைத்து மாத்திரை போடுகிற பெண்ணுக்கு இந்தப் பட்டியலை யார் சரிபார்ப்பது என்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிற விஷயம்.

எந்த மாற்றத்தின்போதும் வலிப்பு வந்துவிட்டால், ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும், அந்நேரம் பார்த்துக் கையில் சாவி இருப்பதால் அதற்குப் பேர் கிடைக்கிறது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. மருந்தால் ஏதோ ஆயிற்று என்று சந்தேகம் இருந்தால், டாக்டரிடம் சொல்வதோடு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024க்கும் பேசலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை, நோயாளியே சொல்லலாம்.

இதுவரை பேசியதெல்லாம் தைராய்டு குறைந்தவர்களைப் பற்றி. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை கார்பிமசோல், நியோமெர்கசோல் என்ற பெயரில் வரும். வலிப்புக்குக் கொடுப்பது கார்பமாசெபின். வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். போனில் "அந்தக் கார்பி… கார்பமா… மாத்திரை பத்து எடுத்து வையுங்க" என்று சொன்னால் எனக்கே எது என்று நிச்சயமில்லை. இரண்டையும் ஒருவரே போடும் நிலை வந்தால் இன்னொன்றும் இருக்கிறது. கார்பிமசோல் அபூர்வமாக ரத்தத்தில் வெள்ளை அணுக்களை மோசமாகக் குறைக்கும், கார்பமாசெபினுக்கும் அந்தக் குணம் உண்டு. காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் சாதாரணச் சளி என்று விடாமல் அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மாத்திரை வாங்க வேறு யாரையாவது அனுப்பும்போது பெயரை வாயால் சொல்லி அனுப்பாதீர்கள், பழைய அட்டையைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.